டியூப் எடுத்ததுக்கு அப்புறம்: ஃபிஸ்டுலா ஆபரேஷன் முடிஞ்சு வீடு திரும்புன ஒரு பெண்ணோட கேஸ்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது ஒரே ஒரு ஆளோட கேஸ் இல்ல. கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்த சில பேரோட விவரத்தைக் கலந்து ஒரு கேஸா எழுதியிருக்கேன். பேர், ஊர் எதுவும் போடல, அக்கான்னே சொல்றேன், வார்டுல எங்களவிட வயசு கம்மியா இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் டாக்டர் இல்ல. கவுன்சிலிங், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாக்கறது, இதுதான் என் வேலை. அதனால ஆபரேஷன் பத்தி சுருக்கமா வரும், மத்தது நீளும்.

ஃபிஸ்டுலான்னா இங்க பிரசவம் தடைபட்டு மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல விழற ஓட்டை. அதோட கேஸ் ரிப்போர்ட்னு எடுத்தா ஓட்டை எத்தன சென்டிமீட்டர், எந்த எடத்துல, எத்தன நாள் டியூப் (மூத்திரப்பைலேர்ந்து யூரின வெளிய எடுக்கற குழாய்), டிஸ்சார்ஜ் அன்னிக்கு கசிவு இருந்துச்சா இல்லயா, அதோட முடிஞ்சிடும். அந்தம்மா எந்த வீட்டுக்குப் போனாங்க, அங்க யாரு கதவத் தெறந்தாங்க, அதுல ஒரு வரி இருக்காது. எனக்கு அதுதான் பாதி கேஸ்.

வந்தப்போ இருந்த நிலைமை

வயசு 27. முதல் பிரசவம் 19-ல, வீட்டுலயே வலி ஆரம்பிச்சு மூணாவது நாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. குழந்தை இறந்தே பொறந்துச்சு. வீட்டுக்கு வந்து ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, படுக்கை ஈரமா இருக்குன்னு எந்திரிச்சுப் பாத்தா யூரின் தானா வடியுது, அவங்க போகணும்னு நினைக்கவே இல்ல. அதுலேர்ந்து எட்டு வருஷம், ராத்திரி பகல் இல்லாம.

இது ஏன் உடனே வராம சில நாள் கழிச்சு வருதுன்னு நெறைய குடும்பத்துக்குப் புரியறதில்ல, புரியாததாலதான் சாபம், செய்வினை, ஆஸ்பத்திரில ஏதோ பண்ணிட்டாங்கன்னு கதை கட்டறாங்க. விஷயம் என்னன்னா, குழந்தையோட தலை இடுப்பெலும்புக்குள்ள மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா, நாள்கணக்கா அழுத்திட்டே இருக்கு, நடுவுல சிக்குன சதைக்கு ரத்தம் போகாம அது செத்துப்போகுது. செத்த சதை உடனே விழாது, பெரும்பாலும் மூணு நாள்லேர்ந்து பத்து நாளுக்குள்ளதான் கழண்டு விழும், அப்பத்தான் மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல ஓட்டை தெரியும். சில பேருக்கு மலக்குடல் பக்கமும் ஆகும். இந்த மாதிரி பிரசவத்துல பத்துல ஒம்பது குழந்தை உயிரோட பொறக்கறதில்லன்னு ஐ.நா. மக்கள்தொகை நிதியம் சொல்லுது. நேரத்துக்கு சிசேரியன் பண்ணியிருந்தா ரெண்டுமே நடந்திருக்காது, கேஸோட மொத்த எரிச்சலும் இதுலதான் இருக்கு. உலகத்துல இன்னும் சுமார் 5 லட்சம் பெண்கள் இதோட வாழறாங்கன்னு அதே நிதியத்தோட கணக்கு, பெரும்பாலும் சஹாராவுக்குத் தெற்கே இருக்கற ஆப்பிரிக்க நாடுகள், அப்புறம் ஆசியா, அரபு நாடுகள், லத்தீன் அமெரிக்கா, கரீபியன். பணக்கார நாடுகள்ல பிரசவத்தால வர்ற ஃபிஸ்டுலா கிட்டத்தட்ட காணாமலே போயிடுச்சு.

அக்கா வந்தப்போ தொடை ரெண்டு பக்கமும் வெந்துபோன மாதிரி இருந்துச்சு, யூரின் பட்டுப் பட்டு தோல் உரிஞ்சு மேல வெள்ளையா படிஞ்சிருக்கு. எடை ரொம்பக் கம்மி, ரத்தசோகை. இடது காலை இழுத்துதான் நடப்பாங்க, பாதத்தோட முன்பக்கம் தூக்க வராது, இதுவும் அதே பிரசவத்துல நரம்பு அழுந்தினதால வந்ததுதான், ஆனா யாரும் அவங்களுக்கு அதச் சொன்னதே இல்ல, வேற ஏதோ தனி வியாதின்னு நினைச்சிட்டு இருந்தாங்க. தண்ணி ரொம்பக் கம்மியா குடிப்பாங்க, குடிச்சா வடியும்ல. இது கிட்டத்தட்ட எல்லாரும் பண்றது, இதுல கொடுமை என்னன்னா தண்ணி கொறைஞ்சா யூரின் கெட்டியாகி வாடை இன்னும் அதிகமாகும், தோல் இன்னும் எரியும், மூத்திரப்பைல கல்லு வேற வரலாம். இவங்களுக்குக் கல்லு இல்ல, ஸ்கேன்ல பாத்துட்டோம்.

குடும்பம். வீட்டுக்காரர் ரெண்டாவது வருஷமே வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். அக்கா அண்ணன் வீட்டுல, பின்பக்கம் தனி ரூம். அண்ணன் கெட்டவர் இல்ல, சோறு போட்டார், துணி வாங்கிக் கொடுத்தார், ஆனா விசேஷத்துக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க, இவங்களும் போக மாட்டாங்க. எட்டு வருஷத்துல ஒரு தடவகூட பஸ்ல சீட்ல உக்காந்ததில்லன்னு சொன்னாங்க, எடம் காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டேதான் போவாங்களாம்.

ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தாங்கங்கறதயும் எழுதணும். போஸ்டர் பாத்து வரல, அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எங்ககிட்ட முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரு அம்மா, அந்தப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனவங்க, பின்கட்டுல காயற துணிகளோட எண்ணிக்கையப் பாத்தே புரிஞ்சிக்கிட்டாங்க. போய் பக்கத்துல உக்காந்து வியாதி பேரெல்லாம் சொல்லல, "ராத்திரி எத்தன துணி மாத்துற?"ன்னு மட்டும் கேட்டாங்களாம். அக்கா அழுதுட்டாங்க. எட்டு வருஷத்துல இது தனக்கு மட்டும் வந்த ஒண்ணுன்னே நினைச்சிருக்காங்க, வேற ஒருத்தருக்கும் இருக்குன்னே தெரியாது.

வழிச்செலவுக்குக் காசு இல்லாமலே தங்கிப்போற பெண்கள் நெறைய. தான்சானியாவுல சிசிபிஆர்டி மருத்துவமனை 2009-லேர்ந்து எம்-பேசாங்கற செல்போன் பணச் சேவை மூலமா பயணக் காசை முன்னாடியே அனுப்பி வரவெச்சாங்க, ஆள அடையாளம் காட்டறவங்களுக்கும் சின்னத் தொகை உண்டு. சிகிச்சை இலவசம்னு மட்டும் சொன்னா பத்தாது, பஸ் டிக்கெட் யாரு எடுப்பாங்க.

ஆபரேஷனும் அந்த ரெண்டு வாரமும்

சுருக்கமா: மூத்திரப்பைல நீலச்சாயம் விட்டுப் பாத்ததுல கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் ஓட்டை, சுத்தி தழும்பு, யூரின் பாதைக்குக் கிட்டத்துல. மொதல்ல சில வாரம் சாப்பாடு, இரும்புச்சத்து, தோலுக்கு மருந்து, நல்லா தண்ணி. அப்புறம் முதுகுல ஊசி போட்டு, பிறப்புறுப்பு வழியாவே தச்சாங்க. முடிச்சதும் திரும்ப சாயம் விட்டுப் பாத்தாங்க, கசியல.

டியூப் எத்தன நாள் வைக்கறதுங்கறதுக்கு ஒரு ஆய்வு இருக்கு, எட்டு ஆப்பிரிக்க நாடுகள்ல 524 பெண்கள்கிட்ட பண்ணி 2015-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. சிக்கல் இல்லாத ஓட்டைக்கு 7 நாள் டியூபும் 14 நாள் டியூபும் ஒரே மாதிரி பலன்தான்னு தெரிஞ்சுது. 2018-ல உலக சுகாதார நிறுவனமும் அப்படிப்பட்டவங்களுக்கு 7லேர்ந்து 10 நாள் போதும்னு சொல்லிடுச்சு. நாள் கொறைஞ்சா பெட் சீக்கிரம் காலியாகும், இன்னொருத்தர் வரலாம். அக்காவுக்குத் தழும்பு இருந்ததால டாக்டர் 14 நாளே வச்சாங்க.

இந்த நாள்கள்ல உண்மையான வேலை நர்ஸுங்களோடது. நல்லா குடிக்கணும், டியூப் ஓடிட்டே இருக்கணும், கீழ படுக்கை காஞ்சிருக்கணும், இந்த மூணுல எது தப்புனாலும் தையலுக்கு ஆபத்து. டியூப் அடைச்சுதுன்னா மூத்திரப்பை நெறஞ்சு அழுத்தத்துல தையல் பிரிஞ்சிடலாம். எங்க வார்டுல டியூப் நுனி பையில போகாது, கட்டிலுக்குக் கீழ ஒரு பேசின்ல சொட்டும், கண்ணால பாக்கலாம், காதாலயும் கேக்கலாம். நாலாவது ராத்திரி ரெண்டு மணிக்கு அக்கா "சத்தம் நின்னுடுச்சு, சத்தம் நின்னுடுச்சு"ன்னு கத்தி மொத்த வார்டையும் எழுப்பிட்டாங்க. நர்ஸ் ஓடிவந்து பாத்தா டியூப் தொடைக்கு அடியில மடங்கியிருக்கு. நேராக்குனதும் ஓடிடுச்சு. தூங்கற நேரத்துல எழுப்பிட்டாங்களேன்னு பக்கத்து பெட்ல ஒருத்தர்கூட முணுமுணுக்கல, எல்லாரும் அவங்கவங்க டியூப தொட்டுப் பாத்துட்டுத் திரும்பப் படுத்தாங்க.

கவுன்சிலிங் அந்த நாள்கள்லதான் ஆரம்பிச்சோம். தான்சானியாவுல மோஷில ஒரு மருத்துவமனையில, படுத்திருக்கற நாள்லயே நர்ஸே உக்காந்து பேசற மாதிரி 6 அமர்வு வச்சுப் பாத்திருக்காங்க. எனக்கு அதுல புடிச்சது, மனநல டாக்டர் வரணும்னு காத்திருக்காம, ஆள் கைக்கெட்டற தூரத்துல இருக்கும்போதே ஆரம்பிக்கறாங்க. டிஸ்சார்ஜ் ஆயிட்டா அடுத்த தடவ வருவாங்களான்னே தெரியாது.

அக்காகிட்ட மொதல்ல வடியறதப் பத்திதான் பேச்சு வரும்னு நினைச்சேன், ஆனா அவங்க பேசினது குழந்தையப் பத்தி. நான் கேட்டது சாதாரண கேள்விதான், பையனா பொண்ணான்னு. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "பையன்னு சொன்னாங்க, நான் பாக்கல"ன்னாங்க. மயக்கத்துல இருந்திருக்காங்க, எந்திரிக்கறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க, எங்கன்னு இவங்களுக்குத் தெரியாது. எட்டு வருஷமா எல்லாரும் யூரின் வாடைய பத்திதான் பேசுனாங்க, இல்லன்னா பேசாம இருந்தாங்க, அவங்க ஒரு குழந்தைய இழந்தவங்கன்னு யாருக்கும் ஞாபகமே இல்ல. நம்ம கேஸ் ஷீட்டுலயும் "இறந்து பொறந்தது - 1"ன்னு ஒரு கட்டத்துல எழுதிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடறோம். பின்னாடி வீட்டுக்குப் போனப்போ அண்ணன்கிட்ட கேட்டு அந்த எடத்த தெரிஞ்சிக்கிட்டாங்க, அவரே கூட்டிட்டுப் போனார். இத எந்தத் திட்டத்துலயும் எழுதி வைக்கல, ஆனா என்னைக் கேட்டா அந்த ஒரு நாள்தான் அண்ணன் தங்கச்சி பேச்சு திரும்ப ஆரம்பிச்ச நாள்.

டியூப் எடுத்த நாள்

படுத்திருந்தப்போ ஒரு சொட்டுகூட இல்ல. எந்திரிச்சு நின்னாங்க, இருமுனாங்க, கால் வழியா வடிஞ்சுது. அக்கா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, "எல்லாம் போச்சு, எழுதிக்கோங்க"ன்னாங்க.

திரும்ப சாயப் பரிசோதனை பண்ணுனாங்க, ஓட்டை மூடியேதான் இருக்கு. வடியறது யூரின் பாதையோட பலவீனத்தால, அதாவது வாசல இறுக்கிப் புடிக்க வேண்டிய தசையும் அந்தப் பிரசவத்துலயே நசுங்கியிருக்கு, மூத்திரப்பையும் எட்டு வருஷமா நெறஞ்சதே இல்லங்கறதால சுருங்கியிருக்கு. ஓட்டை யூரின் பாதைக்குக் கிட்ட இருந்தவங்களுக்கும், பெரிய ஓட்டை இருந்தவங்களுக்கும், ஏற்கனவே தழும்பு ஏறிப்போனவங்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். டாக்டர் கணக்குல இது வெற்றி. அக்கா கணக்குல பாவாடை நனையுது.

நான் இந்தக் கேஸ எழுதறதுக்கே காரணம் இந்த எடம்தான். ஆஸ்திரேலிய டாக்டர்களும் எத்தியோப்பியாக்காரங்களும் சேர்ந்து 2007-ல ஒரு ஆய்வு போட்டாங்க, 51 பெண்கள், ஆபரேஷனுக்கு முன்னாடி மனநலத்துக்கான கேள்வித்தாள் கொடுத்தா 51 பேருமே பாதிப்பு இருக்கலாம்ங்கற பக்கம். ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரத்துல அது 36 சதவீதமா இறங்கிடுச்சு, ரெண்டே வாரத்துல. ஆனா கசிவு கடுமையா தங்கிப்போனவங்க ஆறு பேர், அந்த ஆறு பேருமே பாதிப்புலயேதான் இருந்தாங்க. ஆபரேஷன் நல்லா முடிஞ்சவங்களுக்குப் பாதி மனசுக்கு மருந்து ஆபரேஷனே, மிச்சமிருக்கறவங்களுக்குத்தான் நாம வேணும், ஆனா நடைமுறையில என்ன நடக்குதுன்னா ஓட்டை மூடியாச்சுன்னு லிஸ்ட்டுல டிக் போட்டதும் இவங்கதான் மொதல்ல கண்ணுலேர்ந்து மறையறாங்க. ஊருக்குள்ள "ஆபரேஷன் பண்ணியும் போகல"ன்னு பேர் வாங்கிக்கிட்டு, முன்னாடி இருந்த நம்பிக்கையும் இல்லாம உக்காந்திருப்பாங்க, அவங்களப் பாத்து அடுத்த பெண்ணும் வரமாட்டா.

அதனால டியூப் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும்: ஓட்டை மூடறது ஒண்ணு, கசிவு நிக்கறது ஒண்ணு, ரெண்டாவதுக்கு மாசக்கணக்காகலாம். முன்னாடியே கேட்டிருந்தா அது தகவல், வடிஞ்சப்புறம் சொன்னா அது சமாதானம். அக்காவுக்குப் பிசியோ தினமும் இடுப்புத்தள தசைப் பயிற்சி கத்துக்கொடுத்தாங்க, யூரின அடக்கற மாதிரி உள்ள இழுத்துப் புடிச்சு விடறது. அப்புறம் மணிக்கணக்கு வச்சு போறது, மொதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீட்டறது, மூத்திரப்பை விரியணும்ல. இருமறதுக்கு முன்னாடி இறுக்கிப் புடிக்கற பழக்கம். காலுக்கு கணுக்கால் பட்டை. எட்டு வருஷம் கழிச்சு நரம்பு பெருசா திரும்பாது, அதையும் மறைக்காம சொல்லிட்டாங்க, ஆனா பட்டை போட்டா தடுக்கி விழறது கொறையும்.

மூணு மாசத்துல ஒரு நாளைக்கு ஒரு பேட்னு வந்துச்சு. ஆறு மாசத்துல கனமா எதையாவது தூக்குனா, பலமா இருமுனா மட்டும்.

எந்த வீட்டுக்கு?

டிஸ்சார்ஜ் பேப்பர்ல "வீட்டுக்கு அனுப்பப்பட்டார்"னு இருக்கும். எந்த வீடுன்னு கேட்டுப் பாருங்க.

அக்கா சரியாயிடுச்சுன்னு சேதி போனதும் பழைய வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார், கூட்டிட்டு வரச்சொல்லி. அண்ணன் சந்தோஷப்பட்டார். எங்க டீம்லயும் ரெண்டு பேருக்கு சந்தோஷம்தான், "குடும்பம் சேர்ந்துச்சு"ன்னு அறிக்கையில எழுதலாமே. அக்கா மட்டும் என்னைத் தனியா கூப்பிட்டு, "போகணும்னு சட்டம் எதாவது இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். "அப்ப வேணாம்"னாங்க.

புருஷனோட சேர்றதயே மறுவாழ்வோட அளவுகோலா வைக்கற பழக்கம் நெறைய எடத்துல இருக்கு, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. சேர்ந்து நல்லா வாழறவங்களும் உண்டு, இந்த எட்டு பத்து வருஷமும் விடாம கூடவே இருந்து தொவச்சுக் கொடுத்த புருஷன்களையும் நான் பாத்திருக்கேன், அவங்களப் பத்தி யாரும் எழுதறதில்ல. ஆனா அவசரமா அனுப்பி வைக்கறதுல உடம்புக்கே ஆபத்து இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் கொறஞ்சது மூணு மாசம் உறவு கூடாது, தையல் எடம் ஆறணும், இத அந்தப் பெண் மட்டும் தெரிஞ்சு வச்சு பிரயோஜனமில்ல, வேணாம்னு சொல்ற எடத்துல அவங்க இருக்கணும். நாங்க வீட்டுக்காரரையோ மாமியாரையோ கூப்பிட்டு டாக்டர் வாயாலயே சொல்ல வைப்போம், "நான் சொன்னேன், அவ சொல்லல"ங்கற மாதிரி. பழி டாக்டர் மேல விழட்டும், டாக்டர் தாங்குவாங்க.

அக்காகிட்ட வேற ஒரு கேள்வி கேட்டேன், உங்களுக்கு எது திரும்ப வேணும்னு. பெருசா எதுவும் கேக்கல. பஸ்ல உக்காந்து போகணும், பிளாஸ்டிக் விரிப்பு இல்லாம படுக்கணும், அண்ணன் பொண்ண மடியில வச்சுக்கணும். அந்தப் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு, பொறந்ததுலேர்ந்து அத்தை மடியில உக்காந்ததே இல்ல. மூணையும் கேஸ் ஷீட்டுல அப்படியே எழுதி ஃபாலோ-அப்ல அதத்தான் மொதல்ல கேட்டோம். உகாண்டாவுல 60 பெண்கள ஒரு வருஷம் தொடர்ந்து பாத்து, அவங்க வாயால சொன்னத வச்சே சமூகத்துக்குத் திரும்பறத அளக்கற கேள்விகள உருவாக்கியிருக்காங்க, நம்ம எடத்துல அவ்வளவு வசதி இல்லன்னாலும் அவங்க சொன்ன மூணு விஷயத்த எழுதி வைக்க ஒரு பேனா போதும்.

முதல் மாசம் வீட்டுக்குப் போனப்போ அக்கா பின்பக்க ரூம்லயேதான் இருந்தாங்க. தட்டு, டம்ளர் இன்னும் தனி. அண்ணிகிட்ட கோவம் வந்துச்சு எனக்கு, வெளிய காட்டிக்கல. ஆனா கூட வந்த அந்தப் பழைய பேஷன்ட் அம்மா, அண்ணியோட அடுப்படியிலயே உக்காந்து தனக்கு நடந்தத மொத்தமா சொன்னாங்க. கேட்டு முடிச்சுட்டு அண்ணி கேட்ட முதல் கேள்வி, "இது தொத்தாதா?" பாருங்க, எட்டு வருஷமா அவங்களுக்கு இருந்தது வெறுப்பு இல்ல, பயம், தன் பொண்ணுக்கும் வந்துடுமோன்னு. யாரும் அவங்களுக்கு விளக்கவே இல்ல. தொத்தாது, பரம்பரையா வராது, பிரசவம் தடைபட்டு ஆஸ்பத்திரி லேட்டானதால வந்ததுன்னு சொன்னோம்.

லேட்டானதுன்னதும் அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டார். யாரு முடிவெடுக்க லேட் பண்ணுனதுங்கற பேச்சு அந்த வீட்டுல புதைஞ்சு கெடந்திருக்கு. இதுக்கு எனக்கு உதவுறது 1994-ல ததியஸ், மெய்ன்னு ரெண்டு பேர் எழுதின மூணு தாமதம்ங்கற கணக்கு: போகணும்னு முடிவெடுக்கறதுல தாமதம், போய்ச் சேர்றதுல தாமதம், போன எடத்துல சரியான சிகிச்சை கெடைக்கறதுல தாமதம். இவங்க கேஸ்ல மூணுமே இருந்துச்சு, வலி வந்து ஒரு நாள் பொறுத்துப் பாத்தாங்க, வண்டி கெடைக்க ஒரு நாள், மொதல்ல போன ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ண ஆள் இல்லன்னு அடுத்ததுக்கு அனுப்பினாங்க. அத அண்ணன்கிட்ட வரிசையா சொன்னதும், மொத்தப் பாரமும் தன் தலைல மட்டும் இல்லன்னு அவருக்குப் புரிஞ்சுது, அதே சமயம் தன் பங்கு சுத்தமா இல்லன்னும் ஆகல. அந்த அளவு போதும்னு நினைக்கறேன்.

தையல் மெஷின் பிரச்சனை

மறுவாழ்வுன்னாலே எல்லாத் திட்டத்துலயும் தையல் மெஷின் வந்துடுது. எங்ககிட்டயும் ஒண்ணு ரெடியா இருந்துச்சு, கால்ல மிதிக்கற மெஷின். இடது பாதம் தூக்க வராத ஆளுக்கு மிதிக்கற மெஷின், பேப்பர்ல கையெழுத்து போடறவரைக்கும் இது யாருக்கும் தோணல, அக்காவே சிரிச்சுக்கிட்டே பட்டை கட்டுன கால நீட்டிக் காமிச்சாங்க. பாதத்துல பலவீனம் இருக்கற ஃபிஸ்டுலா பெண்கள் கம்மி இல்ல, அப்படியும் இது நடக்குது.

அவங்களுக்குப் புடிச்சது வாங்கி விக்கற யாவாரம். தனியா ரூம்ல உக்காந்து தைக்கற வேலையே வேணாம், எட்டு வருஷம் தனியா உக்காந்தது போதும், சந்தையில நாலு பேர் நடுவுல உக்காரணும்னாங்க. தனியா இருக்கற வேலைய கொடுத்தா அந்தத் தனிமைக்கு சம்பளம் கொடுக்கற மாதிரிதான ஆகும்? பெண்கள் சேமிப்புக் குழு ஒண்ணுல சேத்துவிட்டோம், சின்னக் கடன். கனம் தூக்கக்கூடாதுங்கறதால மூட்டை இறக்கறதுக்கு மட்டும் அண்ணன் போவார். குழுவுல சேரும்போது என்ன வியாதின்னு சொல்லணுமான்னு கேட்டாங்க, தேவையில்லன்னோம், சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம். மூணாவது மாசம் அவங்களாவே சொல்லிட்டாங்களாம், அந்தக் குழுவுலேர்ந்தே இன்னொரு பெண் எங்ககிட்ட வந்தாங்க.

ஆறாவது மாசம் அந்த மூணு விஷயத்தக் கேட்டோம். அண்ணன் பொண்ணு மடியில ஏறி உக்காந்தாச்சு, அதுவா ஏறிக்கிச்சு. படுக்கையில விரிப்பு எடுத்தாச்சு. பஸ்? உக்கார்றாங்க, ஆனா உக்காரறதுக்கு முன்னாடி துண்டு மடிச்சுப் போட்டுத்தான். எந்திரிச்சதும் திரும்பி சீட்டப் பாக்காம இறங்க முடியலன்னாங்க. உடம்பு காஞ்சாலும் பயம் காய நாளாகும், இதுக்கு அவசரப்படுத்தல.

அடுத்த பிரசவம், அப்புறம் மிச்சம் இருக்கறது

குழந்தை வேணுமான்னு இன்னும் முடிவெடுக்கல. எடுத்தாலும் எடுக்காட்டாலும் ஒரு கார்டு கொடுத்திருக்கோம். ஃபிஸ்டுலா தச்சவங்க திரும்ப கர்ப்பமானா சிசேரியன்தான், வலி வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி பக்கத்துல வந்து தங்கிடணும், இல்லன்னா தச்சது பிரிஞ்சு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். கார்டுல ஃபிஸ்டுலாங்கற வார்த்தையே போடல, "அடுத்த பிரசவம் சிசேரியன் மட்டும், ஆஸ்பத்திரியில் மட்டும்"னு பெரிய எழுத்துல இருக்கும், ஒரு படமும் இருக்கும். மத்தவங்க பையத் தொறந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியக்கூடாது. டாக்டருக்கு வேணும்ங்கற விவரம் பின்பக்கம் சின்ன எழுத்துல.

எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபாவுல டாக்டர் கேத்தரின் ஹாம்லினும் அவங்க கணவர் ரெஜினால்டும் 1974-ல ஆரம்பிச்ச ஃபிஸ்டுலா மருத்துவமனை இந்த விஷயத்துல ரொம்ப முன்னாடியே யோசிச்ச எடம். சரிபண்ணவே முடியாத காயத்தோட இருக்கறவங்களுக்கு, ஊருக்குப் போக முடியாதவங்களுக்கு, டெஸ்டா மெண்டர்னு தனியா ஒரு குடியிருப்பு வச்சாங்க. அவங்ககிட்ட பேஷன்ட்டா வந்த மாமிட்டு காஷே அங்கயே இருந்து கத்துக்கிட்டு ஆபரேஷன் பண்ற நிலைக்கே வந்தாங்க. ஆனா எல்லாரும் மாமிட்டு ஆகணும்னு எதிர்பாக்கறதும் ஒரு சுமைதான். 1840-கள்ல அமெரிக்காவுல அலபாமாவுல மரியன் சிம்ஸ்ங்கற டாக்டர், அடிமையா இருந்த அனார்கா, லூசி, பெட்சி முதலான பெண்கள் மேல மயக்க மருந்து இல்லாம திரும்பத் திரும்ப ஆபரேஷன் பண்ணித்தான் இந்த சிகிச்சைய செம்மைப்படுத்துனார். அவருக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்துல இருந்த சிலைய 2018-ல எடுத்தாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சது எத்தன தடவ வெட்டுனாங்கங்கறதுதான், அந்தப் பெண்கள் குணமாகி எப்படி வாழ்ந்தாங்கங்கறது யாரும் கேக்காத கேள்வியாவே ரொம்ப காலம் இருந்துச்சு. நான் ஃபாலோ-அப்ப இவ்வளவு பெருசா பேசறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு வருஷ ஃபாலோ-அப்ல கசிவு கிட்டத்தட்ட அதே நிலை, கனம் தூக்குனா மட்டும். இதுக்குன்னு இன்னொரு ஆபரேஷன் இருக்கு, யூரின் பாதைக்குக் கீழ தாங்கு கொடுக்கறது, பண்ணிக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க, பலன் முழுசா இருக்கும்னு உறுதி இல்லன்னும் சொன்னாங்க. அக்கா யோசிச்சுட்டு இப்ப வேணாம்னாங்க, திரும்ப ரெண்டு வாரம் டியூப் வச்சுப் படுத்தா சந்தை எடத்த வேற ஆள் புடிச்சுக்குவாங்களாம். பேட் செலவு தாங்குது, பயிற்சி தொடருது, ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பேசலாம்னு எழுதியிருக்கு.

மே 23 ஃபிஸ்டுலா ஒழிப்பு நாள், 2013-லேர்ந்து ஐ.நா. நடத்துது, அதுக்கு மேடையில பேச வரச்சொல்லி எங்க ஆபீஸ்லேர்ந்து அக்காவக் கேட்டாங்க, படம் எடுப்பாங்க, கொஞ்சம் காசும் உண்டு. அக்கா மாட்டேன்னுட்டாங்க. "எட்டு வருஷம் இந்த வியாதி பேர்லதான் என்னைக் கூப்பிட்டாங்க, இப்ப மேடையிலயும் அதே பேரா?" ஆபீஸ்ல ஒருத்தருக்கு வருத்தம், நன்றி இல்லயேன்னு. நான் அக்கா பக்கம். நல்லானவங்க எல்லாரும் விளம்பரத்துக்கு வரணும்னு ஒப்பந்தம் எதுவும் போடல. யாராவது ஒரு பெண் வீட்டுல அடைஞ்சு கெடந்தா சொல்லுங்க, நான் தனியா போய்ப் பேசறேன், கேமரா வேணாம், ஆனா சந்தை இல்லாத நாளா பாத்துக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்காங்க, அதுக்கான போன் நம்பர் எங்க வார்டு நோட்டுல இருக்கு.